பல் புடுங்க காலை 10 மணியா, மத்தியானம் 3 மணியா, ராத்திரி 7 மணியா?

தம்பி நேத்து ராத்திரி கோயம்புத்தூர்ல இருந்து போன் பண்ணான். கீழ்த்தாடைல இடது பக்கம் கடைசில இருக்கற விஸ்டம் டூத் படுத்தாப்ல முளைச்சிருக்காம், எக்ஸ்ரே பார்த்துட்டு ஈறைக் கீறித்தான் எடுக்கணும் தையல் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம், ரிசப்ஷன்ல மூணு ஸ்லாட் சொல்லி எது வேணும்னு கேட்டிருக்காங்க. செவ்வாய்க்கிழமை காலைல 10, வியாழக்கிழமை மத்தியானம் 3, சனிக்கிழமை ராத்திரி 7. "அக்கா, சனிக்கிழமையே போட்டுக்கறேன், லீவு எடுக்க வேணாம், வந்து மாத்திரையைப் போட்டுட்டு படுத்தா ஞாயித்துக்கிழமை பூரா தூங்கிடலாம்ல"ன்னு கேட்டான்.

இதே கணக்கைத்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்டேன். எனக்கு வலது பக்கம் சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு எடுத்தாங்க, இடது பக்கம் இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல பத்தரைக்கு எடுத்தாங்க, அதே டாக்டர், அதே மாதிரி பல்லு, கிட்டத்தட்ட அதே மாத்திரைதான், ஆனா முதல் 24 மணி நேரம் ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால அவனுக்கு ஒரு வார்த்தைல பதில் சொல்லாம இதை முழுசா எழுதறேன், ஸ்லாட் எடுக்கப் போற வேற யாருக்காவதும் உதவும்.

முதல்ல அந்த சனிக்கிழமை ராத்திரி. ஊசி போட்டது ஏழரைக்கு, பல்லு வெளிய வந்தப்ப எட்டே கால், பஞ்சைக் கடிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தோம். உதடு, நாக்கோட ஒரு பாதி, தாடை எல்லாம் கல்லு மாதிரி மரத்து இருந்துச்சு, வலின்னு ஒண்ணுமே இல்ல, அதனால டாக்டர் எழுதிக் குடுத்த வலி மாத்திரையை "வலிச்சா போட்டுக்கலாம்"னு அப்படியே வச்சுட்டேன். ஒன்பதரைக்கு ரெண்டு ஸ்பூன் மோர் சாதம், பத்தரைக்கு படுக்கை. பன்னெண்டே முக்கால் வாக்குல முழிப்பு வந்துச்சு பாருங்க, தாடையே விண்ணு விண்ணுன்னு காதுக்குள்ள வரைக்கும் தெறிக்குது, வாய்க்குள்ள இரும்பைக் கடிச்ச மாதிரி ஒரு ருசி, லைட்டைப் போட்டா தலகாணி உறைல உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் கலர்ல ஈரம். பயந்துபோய் பாத்ரூமுக்கு ஓடி தண்ணி ஊத்தி கொப்பளிச்சேன், துப்பினேன், மறுபடி கொப்பளிச்சேன், கொப்பளிக்க கொப்பளிக்க ரத்தம் அதிகமாச்சு. கிளினிக் நம்பர் ஸ்விட்ச் ஆஃப், ராத்திரி ஒரு மணிக்கு யார் எடுப்பாங்க, அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். கடைசில வீட்டுக்காரர்தான் வெள்ளை வேட்டித் துணியைக் கிழிச்சு மடிச்சு, நனைச்சுப் பிழிஞ்சு, அந்த எடத்துல வச்சு கடிக்கச் சொல்லி, சேர்ல நிமிர்ந்து உக்கார வச்சு, அரை மணி நேரம் பேசவே கூடாதுன்னுட்டார். ரெண்டு மணிக்கு நின்னுச்சு. விடியற வரைக்கும் ரெண்டு பேரும் தூங்கல.

அப்பறம் தையல் பிரிக்கப் போனப்ப டாக்டர் உக்கார வச்சு விளக்கினாங்க, அப்பதான் நேரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு புரிஞ்சுது. மரத்துப்போக போடற ஊசி லிக்னோகெயின், அதுகூட கொஞ்சம் அட்ரினலினும் கலந்திருக்கும், அட்ரினலின் அந்த எடத்துல ரத்தக்குழாயைச் சுருக்கி வச்சிருக்கும், அதனாலதான் பல்லு எடுத்த உடனே ரத்தம் கம்மியா தெரியுது. கீழ்த்தாடைக்கு நரம்பைப் பார்த்து போடற ஊசின்னா உதடு, நாக்கு மரப்பு 3ல இருந்து 5 மணி நேரம் வரைக்கும் நிக்கும். மருந்து இறங்க இறங்க சுருங்கின குழாய் திரும்ப விரியும், அந்த நேரத்துல ரத்தம் மறுபடி கசியறது சகஜம், வலியும் சரியா அதே நேரத்துலதான் உள்ள வரும். ஏழரைக்கு ஊசின்னா அந்த நேரம் எப்ப? பத்தரைல இருந்து பன்னெண்டரை. நான் தூக்கத்துல, மாத்திரை டப்பால, கிளினிக் பூட்டிக் கிடக்கு, பக்கத்துல மெடிக்கல் ஷாப்பும் மூடியாச்சு. நான் கொப்பளிச்சு துப்பினது அதைவிட மோசம், குழிக்குள்ள உறைஞ்சு உக்கார வேண்டிய ரத்தக்கட்டியை நானே கழுவி வெளிய அனுப்பிட்டு இருந்திருக்கேன்.

இதைத்தான் தம்பிக்கு முதல்ல சொன்னேன், ஸ்லாட் பார்க்கறப்ப பல்லு எடுக்கற நேரத்தைப் பார்க்காத, மரப்பு இறங்கற நேரத்தைப் பாரு, அந்த நேரத்துல நீ முழிச்சிருக்கணும், பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும், டாக்டர் போன் எடுக்கற நேரமா இருக்கணும். அவன் ரூம்ல தனியா இருக்கான், ரூம்மேட் சனிக்கிழமையானா ஊருக்குப் போயிடுவான். அப்ப சனிக்கிழமை ராத்திரி ஏழுங்கறது அவனுக்கு மூணுமே இல்லாத ஸ்லாட்.

காலை ஸ்லாட்ல இது எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு நாலு இட்லி சாப்பிட்டுட்டு போனேன், பத்தரைக்கு ஊசி, பதினொன்னே காலுக்கு வேலை முடிஞ்சுது. 12 மணிக்கு பஞ்சை எடுத்தேன், கண்ணாடில பார்த்தா குழில கருஞ்சிவப்பா கட்டி உக்காந்திருக்கு. ஒரு மணிக்கு, மரப்பு இருக்கறப்பவே, குழைச்ச தயிர் சாதத்தை ஆற வச்சு இடது பக்கம் படாம மெதுவா முழுங்கிட்டு மாத்திரையைப் போட்டேன். ரெண்டரை மூணு மணி வாக்குல உதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுன்னு வந்துச்சு, வலியும் எட்டிப் பார்த்துச்சு, ஆனா மாத்திரை ஏற்கனவே வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. 15 நிமிஷம் ஐஸ், 15 நிமிஷம் கேப்னு சாயங்காலம் வரைக்கும் கன்னத்துல வச்சேன். நாலு மணிக்கு எச்சில் கொஞ்சம் சிவப்பா இருந்துச்சு, கிளினிக்குக்கு போன் போட்டேன், "எச்சில்ல கலந்து ரோஸா வந்தா பரவாயில்ல, வாய் நிறைய வந்தாலோ ஈரல் துண்டு மாதிரி கட்டி கட்டியா வந்தாலோ உடனே வாங்க, நாங்க ஒன்பது வரைக்கும் இருக்கோம்"னாங்க. அந்த ஒரு வாக்கியம் குடுத்த நிம்மதி எந்த மாத்திரையும் குடுக்கல. ராத்திரி படுக்கறப்ப பல்லு எடுத்து 11 மணி நேரம் ஆயிருந்துச்சு, கட்டி நல்லா பிடிச்சிருந்துச்சு, ரெண்டு தலகாணி வச்சு தலையைத் தூக்கிப் படுத்தேன், ஒரே ஒரு தடவைதான் முழிப்பு.

ராத்திரில வலி அதிகமா தெரியறது மனப்பிரமைன்னு சிலர் சொல்லுவாங்க, அப்படி இல்ல. படுத்தா தலைக்கு ரத்த ஓட்டம் கூடுது, வீங்கின எடத்துல அழுத்தம் ஏறுது, அதான் அந்த விண்ணு விண்ணு. இன்னொண்ணு, கார்டிசால்னு நம்ம உடம்பே சுரக்கற ஹார்மோன், வீக்கத்தை அடக்கி வைக்கற வேலையும் அது செய்யும், அது காலைல எந்திரிக்கற நேரத்தை ஒட்டி உச்சத்துல இருக்கும், நடுராத்திரி வாக்குல ரொம்ப கீழ போயிடும். எச்சிலும் தூங்கறப்ப அநேகமா சுரக்கறதே இல்ல, வாய் காஞ்சு கிடக்கும், எச்சில் வந்து கழுவி கிருமியைக் குறைக்கற வேலை அப்போ நடக்காது. ஆக புதுக்காயத்தோட முதல் ஆறேழு மணி நேரத்தை பகல்ல கழிக்கறதா, இப்படிப்பட்ட ராத்திரில கழிக்கறதாங்கறதுதான் நீங்க எடுக்கற முடிவு.

காயம் ஆறற வேகத்துக்கே கடிகாரம் உண்டான்னு கேட்டா, தோல் காயத்துல பார்த்திருக்காங்க. கேம்பிரிட்ஜ்ல மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்து ஆளுங்க 2017ல வெளியிட்டது, இங்கிலாந்து தீக்காயப் பிரிவுகள்ல சேர்ந்த 118 பேரோட ரெக்கார்டை எடுத்துப் பார்த்தாங்க, ராத்திரி 8ல இருந்து காலை 8க்குள்ள தீக்காயம் பட்டவங்களுக்கு ஆற சராசரியா 28 நாள், பகல்ல பட்டவங்களுக்கு 17 நாள். காயத்தை மூட ஓடி வர்ற ஃபைப்ரோபிளாஸ்ட்ங்கற செல்லு பகல்ல சுறுசுறுப்பா நகருது, ராத்திரில மந்தமாயிடுதுன்னு லேப்லயும் காட்டினாங்க. இது தீக்காயம், பல்லு குழி இல்ல, அதனால "ராத்திரி பல்லு எடுத்தா பதினொரு நாள் லேட்டாகும்"னு யாரும் வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. ஈறுலயும் அதே வகை செல்லுதான் தைக்கற வேலை பார்க்குதுங்கறதால எனக்கு காலை பக்கம் மனசு இன்னும் கொஞ்சம் சாயுது, அவ்வளவுதான்.

மத்தியானம் மூணு மணிக்கு ஒரு நல்ல பாயின்ட் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. பிரான்ஸ்ல அலன் ரைன்பெர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர், உடம்புக் கடிகாரத்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவைப் பத்தி ஆரம்ப காலத்துலயே வேலை பார்த்தவர், மரத்துப்போற மருந்து ஒரே அளவுல குடுத்தாலும் பிற்பகல் 3 மணியை ஒட்டி குடுத்தா அதிக நேரம் நிக்குதுன்னு 1970கள்லயே பார்த்தார். அதனால ஊசி சரியா பிடிக்காம கஷ்டப்பட்ட அனுபவம் உள்ளவங்க, நாற்காலில உக்காந்தாலே கை நடுங்கறவங்க மத்தியானம் கேட்டுப் பார்க்கலாம். ஆனா மூணு மணிக்கு போட்ட ஊசி ஏழு எட்டு மணிக்கு இறங்கும், முழிச்சிருக்கற நேரம்தான், கிளினிக்கும் திறந்திருக்கும், ஆனா அடுத்த ரெண்டு மூணு மணி நேரத்துல படுக்கணும். காலை அளவுக்கு இடைவெளி இல்ல, ராத்திரி அளவுக்கு மோசமும் இல்ல. இன்னொரு நடைமுறை சிக்கல், நம்ம ஊர்ல பெரும்பாலான தனியார் கிளினிக் ஒன்னு ஒன்றரைக்கு மூடிட்டு அஞ்சுக்குத்தான் திறப்பாங்க, தம்பிக்கு கெடைச்ச மாதிரி மூணு மணி ஸ்லாட் அமையறதே அபூர்வம். வெயில் காலத்துல அந்த நேரத்துல பைக்ல வாயில பஞ்சோட வர்றதும் ஒரு கொடுமை.

இது மூணும் நல்ல ஆரோக்கியமா இருக்கற 27 வயசுப் பையனுக்கு. எங்க அம்மாவுக்கு கணக்கே வேற. அம்மாவுக்கு 64 வயசு, சுகர், ராத்திரி இன்சுலின், கூட ஒரு எக்கோஸ்பிரின். போன வருஷம் ஆடின கடவாப்பல் ஒண்ணு எடுக்க வேண்டியிருந்துச்சு, அம்மாவுக்கு சாயங்காலம்தான் சௌகரியம்னாங்க, வீட்டு வேலை எல்லாம் முடிஞ்சிருக்கும். நான் பிடிவாதமா காலைல டிபனும் மாத்திரையும் ஆனதுக்கு அப்பறம் 9:45க்கு போட்டேன். ஏன்னா சாயங்காலம் ஊசி போட்டா ராத்திரி சாப்பாட்டு நேரத்துல வாய் மரத்துக் கிடக்கும், "அப்பறம் சாப்பிடறேன்"னு ரெண்டு வாய் கஞ்சியோட நிறுத்திடுவாங்க, பழக்க தோஷத்துல இன்சுலின் மட்டும் வழக்கமான அளவு போட்டுக்குவாங்க, நடுராத்திரில சுகர் இறங்கும், தூக்கத்துல இறங்கினா யாருக்கும் தெரியாது. அந்த ஆபத்து பல்வலியை விட பெருசு. சுகர் உள்ளவங்களுக்கு காலை ஸ்லாட் குடுங்கன்னு பல் டாக்டருங்களுக்கு படிக்கறப்பவே சொல்லித் தர்றதும் இதை ஒட்டித்தான். அதுலயும் வெறும் வயித்துல போகவே கூடாது, சாதாரண மரத்துப்போற ஊசிக்கு பட்டினி தேவையே இல்ல, அது முழு மயக்க மருந்து குடுக்கறப்ப மட்டும்தான். "ஊசி போடப் போறாங்க, சாப்பிடாம போ"ன்னு நம்ம வீடுகள்ல சொல்ற பழக்கத்தால எத்தனையோ பேர் நாற்காலிலயே கண்ணு இருட்டி விழறாங்க.

எக்கோஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு யோசிக்கவே வேணாம், காலைதான், அதுவும் வாரத்தோட ஆரம்பத்துல. ஸ்காட்லாந்துல பல் டாக்டர்களுக்குன்னு 2015ல கொண்டு வந்து 2022ல புதுப்பிச்ச வழிகாட்டில இதை எழுத்துலயே வச்சிருக்காங்க, நாளோட தொடக்கத்துல, வாரத்தோட தொடக்கத்துல எடுங்கன்னு, திரும்ப ரத்தம் வந்தா வேலை நேரத்துக்குள்ளயே பார்த்துக்கலாம்ங்கறதுதான் காரணம். அந்த மாத்திரையை பல்லு எடுக்கறதுக்காக நீங்களா நிறுத்தவும் வேணாம், எழுதிக் குடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும், பல்லுக்காக நிறுத்திட்டு பக்கவாதம் வந்தா எவ்வளவு பெரிய இழப்பு.

காலைன்னா எல்லாருக்கும் நல்லதுன்னும் சொல்ல முடியாது. மாரடைப்பு காலை 6ல இருந்து 12க்குள்ளதான் அதிகமா வருதுன்னு 1980கள்ல இருந்தே தெரியும், பிபியும் எந்திரிச்ச உடனே ஏறும். அதனால இதய நோய் உள்ளவங்களுக்கு, பிபி அடங்காதவங்களுக்கு, காலைல முதல் டோக்கனை வாங்கி அரக்கப் பரக்க ஓடறதை விட பதினொரு மணிக்கு மேல, இல்ல மத்தியானம், நிதானமா போறது நல்லதுன்னு சொல்ற டாக்டர்கள் இருக்காங்க. சுகரும் இதய நோயும் ரெண்டுமே இருந்தா உங்க டாக்டர் கிட்டயே நேரத்தையும் கேளுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

சின்னப் பிள்ளைங்களுக்கு காலை. என் சித்தி பேத்திக்கு ஆறு வயசு, சாயங்காலம் ஆறு மணிக்கு பால் பல்லு சொத்தைக்கு ஊசி போட்டு அடைச்சாங்க, கார்ல வர்றப்பவே தூங்கிடுச்சு, பாவம் குழந்தை அசந்து தூங்குதுன்னு விட்டுட்டாங்க, காலைல பார்த்தா கீழ் உதடு வீங்கி உள்பக்கம் வெள்ளையா புண்ணு. மரத்துப்போன உதட்டை அதுக்கே தெரியாம கடிச்சு மென்னிருக்கு. பத்து நாள் காரம் இல்லாம வெறும் பாலும் சாதமும்தான். காலைல போட்டிருந்தா அந்த மூணு மணி நேரமும் கண்ணு முன்னாடி வச்சிருக்கலாம், கடிச்சா கையைத் தட்டி விடலாம். பிள்ளைங்க சாயங்காலம் ஸ்கூல் முடிஞ்சு களைச்சு வந்து நாற்காலில உக்காந்தா அழறதும் ஜாஸ்தி.

ரூட் கேனால், சாதாரண ஃபில்லிங், க்ளீனிங்க்கு சாயங்காலம் தாராளமா போகலாம், அதுல குழி இல்ல, கட்டி இல்ல, ரத்தப் பிரச்சினை இல்ல. ரூட் கேனாலுக்கு முதல் நாள் வலிதான் அதிகம், அதை மாத்திரை போட்டுத் தூங்கியே கடத்திடலாம். ஒண்ணே ஒண்ணு, ஃபில்லிங் கொஞ்சம் உயரமா உக்காந்துட்டா மரத்த வாயில கடிச்சுப் பார்த்து கண்டுபிடிக்க முடியாது, மரப்பு போனப்பறம்தான் அந்தப் பல்லு மட்டும் முதல்ல இடிக்கும், காலைல போட்டிருந்தா அன்னிக்கு சாயங்காலமே போய் ராவிக்கிட்டு வந்துடலாம். அந்த அளவுக்குத்தான் வித்தியாசம், இதுக்காக லீவு எடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்.

இனி கிழமை, மணியை விட இதுதான் எனக்கு இப்ப முக்கியமா படுது, இதை யாருமே கணக்குல எடுக்கறதில்ல. ஈறைக் கீறி எடுத்த பல்லுக்கு வீக்கம் அன்னிக்கே உச்சத்துக்குப் போகாது, ரெண்டாவது மூணாவது நாள்தான் கன்னம் கொழுக்கட்டை மாதிரி ஆகும். தம்பி சொல்ற மாதிரி சனிக்கிழமை ராத்திரி எடுத்தா வீக்கம் உச்சம் திங்கள் சாயங்காலம், செவ்வாய், அதாவது சரியா ஆபீஸ்ல. ஞாயித்துக்கிழமை தூங்கிடலாம்ங்கற அந்த ஒரு நாள் ரெஸ்ட் வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே செலவாயிடுது. எனக்கு அப்படித்தான் ஆச்சு, திங்கட்கிழமை மாஸ்க் போட்டுக்கிட்டு போய் வாயைத் திறக்க முடியாம உக்காந்திருந்தேன், கடைசில செவ்வாய் புதன் ரெண்டு நாள் லீவு, மிச்சம் பிடிக்கணும்னு நெனைச்ச லீவு டபுளா போச்சு.

அதோட ட்ரை சாக்கெட்னு ஒண்ணு இருக்கு. குழில இருக்கற ரத்தக்கட்டி சீக்கிரமே கரைஞ்சோ பேந்தோ போய் எலும்பு வெளிய தெரியற நிலைமை, காது வரைக்கும் இழுக்கற வலி, வாயில ஒரு நாத்தம், மாத்திரைக்கெல்லாம் மசியாது. சாதாரணமா எடுக்கற பல்லுல நூத்துல ஒண்ணுல இருந்து அஞ்சு பேருக்குள்ள வரும், கீழ்த்தாடைல புதைஞ்ச விஸ்டம் டூத்துக்கு 30 பேர் வரைக்கும்கூட வரலாம்னு சொல்றாங்க, சிகரெட் பிடிக்கறவங்களுக்கு இன்னும் வாய்ப்பு அதிகம். இது பல்லு எடுத்த அன்னிக்கு வராது, குறைஞ்சுக்கிட்டு வந்த வலி ரெண்டாவது நாளுக்கு மேல, பெரும்பாலும் மூணு நாலாவது நாள் திடீர்னு ஏறும். டாக்டர் கிட்ட போனா குழியைக் கழுவி மருந்து வச்சு அடைப்பாங்க, அன்னிக்கே பெரிய அளவுக்கு அடங்கும், போகலைன்னா நரகம். அதனால மூணாவது நாள் ஞாயித்துக்கிழமையா அமையக் கூடாது. இப்ப வியாழக்கிழமை மத்தியானத்தை எடுத்துப் பாருங்க, மூணாவது நாள் சரியா ஞாயிறு, கிளினிக் லீவு.

செவ்வாய் காலை? மரப்பு இறங்கறது பகல்ல, மூணாவது நாள் வெள்ளி, கிளினிக் திறந்திருக்கு, மருத்துவ ரீதியா மூணுல இதுதான் சிறப்பு. ஆனா வீக்கம் வியாழன் வெள்ளில உச்சம், தம்பி வேலை பார்க்கறது கஸ்டமர் கிட்ட போன்ல பேசற வேலை, அவனுக்கு செவ்வாய்ல இருந்து வெள்ளி வரைக்கும் நாலு நாள் போகும். அவன் தயங்கறதும் நியாயம்தான், ப்ரொபேஷன்ல இருக்கான், மாசத்துக்கு ஒரு நாள் லீவுதான்.

அதனால நான் மூணையும் விட்டுட்டு நாலாவதா ஒண்ணு கேக்கச் சொன்னேன், வெள்ளிக்கிழமை காலை. ஒரு நாள்தான் லீவு. மரப்பு வெள்ளி மத்தியானம் இறங்கும், சாயங்காலம் கிளினிக் இருக்கும், சனிக்கிழமை எதாவதுன்னா அதுவும் திறந்திருக்கு, வீக்கம் உச்சத்துக்கு வர்றது ஞாயித்துக்கிழமை வீட்ல, ட்ரை சாக்கெட்டுக்கு பயப்படற மூணு நாலாவது நாள் திங்கள் செவ்வாய், போன் பண்ணா டாக்டர் இருப்பாங்க, ஆபீஸ் முடிஞ்சு சாயங்காலம் போய்க்கலாம். அம்மா மாதிரி ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இது பொருந்தாது, அவங்களுக்கு திங்கள் செவ்வாய் காலைதான், லீவு கணக்கெல்லாம் அவங்க விஷயத்துல பார்க்கக் கூடாது.

வேற வழியே இல்ல, சாயங்காலம் ஸ்லாட்தான் கெடைச்சுதுன்னா, பல்லு வேற தாங்க முடியாம வலிக்குதுன்னா, தள்ளிப் போடாதீங்க, எடுத்துடுங்க, ராத்திரி எடுத்தாலும் கோடிக்கணக்கான பேருக்கு நல்லாத்தான் ஆறுது. அஞ்சு மணி ஸ்லாட் கெடைச்சா ஏழு மணியை விட மேல். போறதுக்கு முன்னாடியே ராத்திரி யாரைக் கூப்பிடணும்னு ஒரு நம்பரை வாங்கி வச்சுக்குங்க, ரெண்டு மூணு காஸ் பஞ்சு சேர்த்துக் கேளுங்க, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையை மரப்பு இருக்கறப்பவே சாப்பாட்டுக்கு அப்பறம் போடுங்க, மரப்பு முழுசா இறங்கற வரைக்கும் படுக்காதீங்க. நடுராத்திரில ரத்தம் வந்தா என்னை மாதிரி கொப்பளிக்காதீங்க, ஈரமான சுத்தமான துணியை மடிச்சு வச்சு அரை மணி நேரம் இறுக்கிக் கடிச்சு உக்காருங்க, அப்பவும் நிக்காம வாய் நிறையுதுன்னா 108க்கு போன் பண்ணுங்க, இல்ல பக்கத்துல 24 மணி நேர ஆஸ்பத்திரிக்குப் போங்க. உப்புத் தண்ணி மறுநாள்ல இருந்துதான், அதுவும் இளஞ்சூட்டுல வாயில வச்சு சாய்ச்சு விடறது, காறித் துப்பறது இல்ல. ஸ்ட்ரா வேணாம், ஐஸ்க்ரீமை ஸ்பூன்ல சாப்பிடலாம்.

தம்பி இன்னிக்கு காலைல கிளினிக்குக்கு போன் பண்ணிருக்கான். வெள்ளிக்கிழமை 10 மணி வேற ஒருத்தர் எடுத்துட்டாங்களாம், 11:15 இருக்கு, வேணுமான்னு கேட்டாங்களாம், போட்டுக்கிட்டான். 11:15ன்னா மரப்பு மூணு நாலு மணிக்கு இறங்கும், அது போதும். பத்து மணிக்கு இட்லியோ பொங்கலோ வயிறு நிறைய சாப்பிட்டுட்டு பல்லு விளக்கிட்டு போகச் சொல்லிருக்கேன், வியாழக்கிழமைல இருந்தே சிகரெட்டைத் தொடாதன்னும் சொல்லிருக்கேன், அதுக்கு மட்டும் "பார்க்கறேங்க்கா"ன்னான். வியாழக்கிழமை சாயங்காலம் திருச்சில இருந்து பஸ் ஏறி நான் அங்க போறேன், அவன் ரூம் ஃப்ரிட்ஜ்ல ஐஸ் ட்ரே கூட இல்லையாம், அதையும் இங்கருந்தே எடுத்துட்டுப் போகணும்.